பட்டியல் மாறும்போது நின்றுபோகும் பாதைகள்: அம்பேத்கர் கிராமங்களும் சாலை நிதியின் அரசியலும்

சாலை நிதியில் அரசியல் பழிவாங்கல் என்றதும், எதிர்க்கட்சித் தொகுதிக்குரிய பணத்தை ஓர் அமைச்சர் நிறுத்திவைக்கும் காட்சியே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அவ்வளவு வெளிப்படையாக அது நடப்பது அரிது. எந்த அரசாணையிலும் பழி என்ற சொல் இருக்காது. திட்டத்தின் பெயர் மாறும். பயன்பெறும் கிராமங்களின் பட்டியல் புதிதாக எழுதப்படும். கிராமங்களைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் 'பொதுவானதாக' ஆக்கப்படும். பாதி முடிந்த பணிக்கு அடுத்த தவணை வராது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நிர்வாக நடவடிக்கைகளே. சேர்த்துப் பார்க்கும்போதுதான், சென்ற ஆட்சிக்கு வாக்களித்தவர்களின் தெரு எது என்று இந்த ஆட்சிக்கு நன்றாகத் தெரிந்திருப்பது புலப்படுகிறது.

இதனை ஆராய உத்தரப் பிரதேசத்தைவிடத் தெளிவான களம் இந்தியாவில் இல்லை என்பது நம் கருத்து. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்கு 20.7 பேர் பட்டியல் சாதியினர். 1995 தொடங்கி 2012க்குள் மாயாவதி நான்கு முறை முதலமைச்சராக இருந்தார். நான்கு முறையும் 'அம்பேத்கர் கிராமம்' என்ற திட்டம் எழுந்தது. அவர் பதவி விலகியதும் ஒவ்வொரு முறையும் அது தளர்ந்தது.

அம்பேத்கர் கிராமம் என்றால் என்ன?

திட்டத்தைத் தொடங்கியவர் மாயாவதி அல்லர் என்பது இன்று பலருக்கும் நினைவில் இல்லை. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி 1990-91இல், முலாயம் சிங் ஆட்சியில் அது உருவானது. ஆயினும் அது உயிர்பெற்றது 1995 ஜூனில் மாயாவதி முதன்முறையாகப் பதவியேற்ற பின்னரே. பட்டியல் சாதியினர் கணிசமாக வாழும் கிராமங்கள் பட்டியலிடப்பட்டன. இணைப்புச் சாலை, தெருப்பாதை, வடிகால், மின்சாரம், கைப்பம்பு, வீடு, ஓய்வூதியம் என்று பல துறைகளின் பணிகளும் ஒரே கிராமத்தில் ஒருசேரச் செய்யப்பட்டன. 2007க்குப் பிறகு கிராம சபை என்ற பெரிய அலகை அடிப்படையாகக் கொண்டு இதே திட்டம் நடந்தது.

இவற்றுள் சாலைக்குத் தனி இடம் உண்டு. வடநாட்டுக் கிராமங்களில் தலித் குடியிருப்பு பெரும்பாலும் ஊரின் விளிம்பில் இருக்கிறது. டோலா, பஸ்தி என்று அதற்குப் பெயர்; நம் சேரிக்கு ஏறத்தாழ நிகரானது. பிரதான சாலை ஊருக்குள் வந்து நின்றுவிடும். அங்கிருந்து டோலாவுக்குப் போவது வரப்புவழி அல்லது மண்பாதை. மழைக்காலத்தில் அது சேறு. செங்கற்களைச் செங்குத்தாக நெருக்கி அடுக்கிப் பாவும் 'கரஞ்சா' என்னும் எளிய பாதையும் ஓரத்தில் ஒரு வடிகாலும் வந்ததே பல தலித் தெருக்களில் அரசு நுழைந்ததற்கான முதல் அடையாளம்.

பாதை வெறும் வசதி அல்ல. டோலாவின் மண்பாதை ஆதிக்க சாதியினரின் நிலத்தை ஒட்டியோ ஊடாகவோ செல்கிறது. கூலித் தகராறு வந்தால் முதலில் அடைபடுவது அந்த வழிதான். பொதுப் பாதை ஒன்று இருந்தால் பக்கத்து நகரத்துக்கு வேலைக்குப் போகலாம். சைக்கிளில் பால் கொண்டுபோகலாம். பிரசவ வலி கண்ட பெண்ணை யாருடைய டிராக்டருக்கும் காத்திராமல் கொண்டுசெல்லலாம். நிலம் வைத்திருப்பவரின் தயவு தேவைப்படும் தருணங்கள் குறைகின்றன. இதனால்தான் சாலைக்கு எதிர்ப்பும் வருகிறது.

திட்டம் நடந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். மாயாவதி முன்னறிவிப்பின்றிக் கிராமங்களுக்குச் செல்வார். பணி சரியில்லை என்றால் அதிகாரிகளை அங்கேயே இடைநீக்கம் செய்வார். நாட்டின் மிக மெத்தனமான நிர்வாகங்களுள் ஒன்று ஓடத் தொடங்கியது இந்த அச்சத்தினாலேயே. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதிகாரி அஞ்சியது சட்டத்துக்கு அல்ல, ஒரு முதலமைச்சருக்கு. பின்னால் வந்த சரிவின் வித்து அங்கேயே இருந்தது.

ஆட்சி மாறிய ஒவ்வொரு முறையும்

முதல் ஆட்சி நான்கரை மாதம் நீடித்தது. 1997இல் பாரதிய ஜனதாவுடன் செய்துகொண்ட சுழற்சி ஒப்பந்தப்படி ஆறு மாதம். அடுத்து வந்த கல்யாண் சிங்குடன் ஏற்பட்ட மோதலில், ஒரு மாதத்துக்குள் பகுஜன் சமாஜ் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது. 2002 மே முதல் 2003 ஆகஸ்ட் வரை மூன்றாம் முறை. ஒரு கிராமச் சாலையை அளந்து, மதிப்பீடு போட்டு, ஒப்பந்தம் விட்டு, மழைக்காலத்தைத் தவிர்த்துக் கட்டி முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆகலாம். நான்கு மாத, ஆறு மாத ஆட்சிகளில் தொடங்கிய பாதைகளுள் பல அடுத்தவரின் கையில்தான் முடிய வேண்டியிருந்தன.

2012 மார்ச்சில் அகிலேஷ் யாதவ் பதவிக்கு வந்தபோது மாற்றம் முறைப்படியே நடந்தது. அம்பேத்கர் கிராமத் திட்டத்தின் இடத்தில் டாக்டர் ராம் மனோகர் லோகியா பெயரில் ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் மாயாவதி பெயரிட்ட எட்டு மாவட்டங்களின் பெயர்களும் மாற்றப்பட்டன: ஜோதிபா பூலே நகர் அம்ரோகா ஆயிற்று, கான்ஷிராம் நகர் காஸ்கஞ்ச் ஆயிற்று, ரமாபாய் நகர் மீண்டும் கான்பூர் தேகாத் ஆயிற்று. பெயர்ப் பலகை மாற்றத்தை ஊடகங்கள் விரிவாக எழுதின. கிராமங்களின் பட்டியல் மாறியது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 2017இல் பாரதிய ஜனதா வென்றபின் லோகியாவின் பெயரும் போய், முதலமைச்சர் பெயரிலான ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம் வந்தது.

சாதியைப் பார்க்காமல் பின்தங்கிய நிலையைப் பார்த்தே கிராமங்களைத் தேர்ந்தெடுப்பதாகப் புதிய ஆட்சிகள் வாதிடலாம். லோகியா கிராமங்களிலும் தலித்துகள் வாழ்ந்தார்கள். அங்கும் சாலைகள் போடப்பட்டன. இதை மறுக்க நமக்குக் காரணம் இல்லை. ஆனால் அலகு 'கிராமம்' என்றாகி, அதனுள் தலித் குடியிருப்பு என்ற குறிப்பு நீங்கிவிட்டால், சாலை எங்கே முடிய வேண்டும் என்பதை ஊரில் செல்வாக்கு உள்ளவர் தீர்மானிப்பார். பழைய பட்டியலில் இருந்து புதியதில் இடம்பெறாத கிராமத்தின் முடிவடையாத பாதை, பொதுத் தலைப்பில் ஆயிரம் பணிகளோடு வரிசையில் நிற்க வேண்டியதாகிறது. பாவிய செங்கல் சில மழைகளில் இறங்கிவிடும். பராமரிப்புக்கு ஆள் இல்லையென்றால் கரஞ்சா மீண்டும் சேறாகிறது.

இதே காலத்தில் பெரிய சாலைகளுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. நொய்டா பகுதியையும் ஆக்ராவையும் இணைக்கும் 165 கிலோமீட்டர் யமுனை அதிவிரைவுச் சாலை மாயாவதியின் மூன்றாம் ஆட்சியில் வகுக்கப்பட்டது. 2003இல் வந்த முலாயம் சிங் ஆட்சி அதன்மீது விசாரணை ஆணையம் அமைத்தது, பணி நின்றது. 2007இல் மாயாவதி திரும்பியதும் வேகம் பெற்றது. 2012 ஆகஸ்டில் அதைத் திறந்துவைத்தவர் அகிலேஷ் யாதவ். பின்னர் அவர் அடிக்கல் நாட்டிய 'சமாஜ்வாதி பூர்வாஞ்சல்' அதிவிரைவுச் சாலையின் ஒப்பந்தங்கள் 2017இல் ரத்தாகி, 'சமாஜ்வாதி' என்ற சொல் நீங்கி, 2018இல் வேறொரு அடிக்கல்லோடு அது மீண்டும் தொடங்கி, 2021 நவம்பரில் திறக்கப்பட்டது. பழிவாங்கல் இங்கும் இருந்தது. ஆனால் சாலை பிழைத்துக்கொண்டது. அதற்குப் பின்னால் பெருநிறுவனமோ வங்கிக் கடனோ சுங்கக் கட்டணமோ இருந்தது. டோலாவின் முந்நூறு மீட்டர் பாதைக்காக எந்த வங்கியும் அரசின் கதவைத் தட்டுவதில்லை.

விதிகள் இருந்தால் போதுமா?

ஆளுங்கட்சியின் விருப்பத்துக்கு விடாமல் விதியின்படி சாலை ஒதுக்க வேண்டும் என்ற நோக்கில் 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கியதே பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம். சமவெளியில் 500 பேரும் மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதிகளில் 250 பேரும் வாழும் இணைக்கப்படாத குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலை தரப்பட வேண்டும். வருவாய்க் கிராமமோ ஊராட்சியோ அதற்கு அலகு அல்ல, குடியிருப்பே அலகு. இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் அதே விதியின் இன்னொரு வரியை நாம் கவனிக்க வேண்டும். எல்லாப் பருவச் சாலையிலிருந்தோ இணைக்கப்பட்ட குடியிருப்பிலிருந்தோ குறைந்தது 500 மீட்டர் தள்ளி இருந்தால்தான் ஒரு குடியிருப்பு 'இணைக்கப்படாதது'. ஊருக்கும் சேரிக்கும் இடையிலுள்ள தூரம் பல இடங்களில் இதற்குள் அடங்கிவிடும். ஆகவே ஊர் வரைக்கும் சாலை வந்தாலே சேரியும் இணைக்கப்பட்டதாகக் கணக்கு முடிந்துவிடுகிறது. தீண்டாமை உண்டாக்கிய இடைவெளியை விதி அளக்கவே இல்லை. மேலும் நிலத்தின் விலையை இத்திட்டம் தருவதில்லை. மாநில அரசோ ஊராரோதான் நிலத்துக்கு வழி செய்ய வேண்டும். தன் கூலியாட்களின் குடியிருப்புக்குப் பாதை விட நிலக்கிழார் எவ்வளவு முன்வருவார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தம் விடுவதில் சட்டமன்ற உறுப்பினருக்கு இத்திட்டத்தில் முறையான பங்கு ஏதும் இல்லை. ஆயினும் ஜொனாதன் லேனே, ஜேக்கப் ஷபிரோ, ஆலிவர் வாண்டன் ஐண்டே ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. குறுகிய வாக்கு வித்தியாசத்தில் முடிந்த தேர்தல்களை எடுத்துக்கொண்டு, வென்றவரின் குடும்பப்பெயரையே கொண்ட ஒப்பந்ததாரர்களுக்குத் தேர்தலுக்குப் பின் பணிகள் கூடுதலாகப் போவதை அவர்கள் காட்டினர். அத்தகைய சலுகையோடு சேர்ந்து, காகிதத்தில் முடிந்து தரையில் இல்லாத சாலைகளும் கூடின. வட இந்தியாவில் குடும்பப்பெயர் பெரும்பாலும் சாதிப்பெயர் என்பதைச் சேர்த்துப் படித்தால் முடிவு இன்னும் கூர்மையாகிறது.

பணம் எந்தத் தலைப்பில் வருகிறது?

பட்டியல் சாதியினருக்கான சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80இல் வந்தது. திட்டச் செலவில் மக்கள்தொகை விகிதத்துக்கு ஈடான பங்கை ஒதுக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அது நிர்வாக வழிகாட்டுதலே, சட்டம் அல்ல. இதைச் சட்டமாக்கும் வேலையை ஒன்றுபட்ட ஆந்திரமும் கர்நாடகமும் 2013இல் செய்தன. 2007 தேர்தலில் 403 இடங்களில் 206ஐ வென்று தனிப் பெரும்பான்மையோடு ஐந்தாண்டு ஆண்ட பகுஜன் சமாஜ் கட்சி அதைச் செய்யவில்லை. அம்பேத்கர் கிராமத்துக்கான ஒதுக்கீடு சட்டத்தால் உறுதியாகியிருந்தால், அகிலேஷ் அரசு அதை மாற்றச் சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, வாக்கெடுப்பில் எவரெவர் கை உயர்த்தினர் என்பதையும் பதிவுசெய்ய வேண்டியிருந்திருக்கும். பூங்காக்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் கிடைத்த கவனம் இந்த ஒரு சட்டத்துக்குக் கிடைக்காமல் போனதை, நாம் தலித் அரசியலின் பெரிய இழப்புகளுள் ஒன்றாகவே கருதுகிறோம்.

சட்டம் வந்தாலும் சாலை வழியாகவே பணம் கசியலாம். கர்நாடகச் சட்டத்தின் 7(டி) பிரிவு அதற்குச் சான்று. பிரித்துப் பார்க்க இயலாத பொது உள்கட்டமைப்புச் செலவில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் செலவழித்ததாகக் 'கருதிக்கொள்ள' அது வழிவிட்டது. அனைவரும் பயணிக்கும் நெடுஞ்சாலையில் தலித்தும் பயணிக்கிறார் என்பதால் அவருடைய ஒதுக்கீட்டில் அதை எழுதிவிடலாம்! நீண்ட எதிர்ப்புக்குப் பின் 2023இல் அப்பிரிவு நீக்கப்பட்டது.

தமிழ்நாட்டில்

இங்கே பழிவாங்கல் மாநில ஆட்சி மாற்றத்தோடு வருவதைவிட ஊராட்சிக்குள்ளேயே நிகழ்கிறது. ஊராட்சிக் கணக்கின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் இணைந்து கையொப்பமிட வேண்டும். தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில், உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படும் துணைத் தலைவர் பல இடங்களில் ஆதிக்க சாதியினர். அவர் கையொப்பமிட மறுத்தால் சேரித் தெருவின் சிமென்ட் பாதை அங்கேயே நிற்கும்; வேலை செய்தவருக்குக் கூலி போகாது; பழி தலைவர்மீது விழும். தலித் தலைவர்கள் மாவட்ட ஆட்சியர்களிடம் திரும்பத் திரும்ப அளித்துவரும் புகார்களுள் இது முதன்மையானது. 2016 முதல் 2019 வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள் ஆண்டபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்று நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் கைக்குச் சென்றன.

தமிழ்நாடும் 2024இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதன் பயனைச் சோதிக்க வாசகர்களின் கையிலேயே ஒரு வழி உண்டு. அரசு வரவுசெலவுத் திட்டத்தில் சாலை, பாலங்களுக்கான மூலதனச் செலவு 5054 என்ற பெருந்தலைப்பில் வரும். அதனுள் 789 என்ற சிறுதலைப்பு பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தம் மாவட்ட நெடுஞ்சாலைத் துறையிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: 789இல் எழுதப்பட்ட சாலைகள் எவை, அவை ஒவ்வொன்றும் எந்தக் குடியிருப்பில் முடிகின்றன, அந்தக் குடியிருப்பில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர். 30 நாள்களுக்குள் விடை தந்தாக வேண்டும். விடையில் சேரியின் பெயருக்குப் பதில் ஊரின் பெயர் மட்டும் இருந்தால், மேல்முறையீட்டில் சாலை முடியும் இடத்தின் வரைபடத்தைக் கேளுங்கள்.