மாமன் சீர்

கடைக்குட்டியாகப் பிறப்பதில் ஒரு சங்கடம் உண்டு. மூத்தவர்கள் எடுத்தது போக மீந்ததுதான் அவன் பங்குக்கு வரும். அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்து ரோசின் கிராமத்தில், 1911-இல் எட்டாவது குழந்தையாகப் பிறந்த பில் மன்ரோவுக்கு அப்படி வந்து சேர்ந்ததுதான் மாண்டலின். ஓர் அண்ணன் பிடிலை எடுத்துக்கொண்டான், இன்னொருவன் கிதாரை. மாண்டலினுக்கு எட்டுத் தந்திகள், ஜோடி ஜோடியாக. பையன் இரைச்சல் போடுவானே என்று, நான்கு தந்திகள் மட்டும் கட்டிக்கொள்ளச் சொன்னார்களாம்!

பத்து வயதில் தாய் போனாள். பதினாறில் தந்தையும் போனார். அநாதைப் பிள்ளைக்கு இடம் கொடுத்தவர் தாய்மாமன் பென்டில்டன் வாண்டிவர். கோவேறு கழுதை தள்ளிவிட்டதில் கால் ஊனமானவர். ஆனால் சுற்று வட்டாரத்து நடனங்களுக்கெல்லாம் அவருடைய பிடில்தான். மருமகன் கிதாரைத் தூக்கிக்கொண்டு கூடவே போவான்.

மாமா பாடம் நடத்தவில்லை. ஏடும் இல்லை, ஸ்வரம் எழுதிய தாளும் இல்லை. எல்லாம் கேள்வி ஞானந்தான். பிடிலுக்கும் மாண்டலினுக்கும் தந்திகளின் சுருதி ஒன்றே. ஆகையால் பிடில் மெட்டுகள் மாண்டலினில் அதே விரல்களுக்கு அடங்கிவிடும். அடங்காதது வில். வில் இழுக்க இழுக்க நாதம் நீளும். மாண்டலினிலோ தட்டிய மறுகணமே தேய்ந்துவிடும். புதிதாகக் கற்பவர்கள் இடக்கை விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சூட்சுமம் வலக்கையில் அல்லவா இருக்கிறது! மாமாவின் வில் போய்வந்த தாளத்தை, மேலும் கீழுமாகத் தட்டும் கையில் கொண்டுவந்ததே மன்ரோவின் சாமர்த்தியம். ஆர்னால்ட் ஷல்ட்ஸ் என்ற நீக்ரோ கலைஞரிடம் கேட்ட சோக இசையையும் அதில் கலந்தார். நிறவேற்றுமை தலைவிரித்தாடிய நாட்டில் அதை ஒளிக்காமல் சொல்லியும் வந்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

1929-இல் அண்ணன்மாரைப் பின்பற்றி, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வேலைக்கு இண்டியானா போனார். 1932-இல் மாமா காலமானார். 1939-இல் நாஷ்வில் வானொலி மேடையான 'கிராண்ட் ஓல் ஆப்ரி'யில் மன்ரோ ஏறினார். சொந்த மாகாணத்தின் செல்லப் பெயரால் தம் குழுவுக்கு வைத்த 'புளூகிராஸ்' என்ற பெயர், பிறகு அந்தச் சங்கீதத்துக்கே நிலைத்துவிட்டது.

மாமாவின் வாசிப்பை யாரும் இசைத்தட்டில் பிடித்து வைக்கவில்லை. 1972-இல்தான் அவரிடம் கேட்ட மெட்டுகளைத் திரட்டி மன்ரோ ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதற்குள் நாற்பது வருஷம்! அதுவரை அவற்றுக்கு இருப்பிடம் மருமகனின் நினைவுதான். அந்த இசைத்தட்டில் பிடில் வாசித்த கென்னி பேக்கர், மாமாவின் மெட்டுகளைக் கேட்டுக்கொண்டது மன்ரோவின் மாண்டலினிடம்.