அசோகர் சிபாரிசு செய்த பாடம்

அசோகர்னதும் ஸ்கூல் பாடபுத்தகத்தில் இருந்து நமக்கு ஞாபகம் வர்றது ரெண்டே விஷயம்தான். ஒண்ணு, சாலையோரம் மரம் நட்டார். இன்னொண்ணு, கலிங்கப் போருக்கு அப்புறம் மனசு மாறினார். பரீட்சைக்கு இது போதும் :-) ஆனா அவரே கல்லில் வெட்டி வெச்சதைப் படிச்சுப் பார்த்தா, "மனசு மாறினார்" என்கிற ரெண்டு வார்த்தைக்குள்ளே எவ்வளவு வேலை ஒளிஞ்சிருக்குன்னு புரியும்.

ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் பக்கம் பைராட் என்று ஓர் ஊர். 1840இல் கேப்டன் பர்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே ஓர் அசோகர் கல்வெட்டைக் கண்டுபிடித்தார். அந்தக் கல் பிறகு கல்கத்தா ஆசியாட்டிக் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. மற்ற கல்வெட்டுகள் மாதிரி இது குடிமக்களுக்கான அறிவிப்பு இல்லை. மகத நாட்டு ராஜா பௌத்த சங்கத்துக்கு வணக்கம் சொல்லி எழுதினது. புத்தர் சொன்னது எல்லாமே நல்லாத்தான் சொல்லப்பட்டிருக்கு, ஆனாலும் இந்த ஏழு உபதேசங்களை அடிக்கடி கேட்டு யோசிக்கணும் என்று ஒரு பட்டியல் கொடுக்கிறார். யாரெல்லாம் கேட்கணுமாம்? பிக்குகள், பிக்குணிகள் மட்டுமில்லை. வீட்டில் குடும்பம் நடத்துகிற ஆண்களும் பெண்களும்கூட.

பட்டியலில் இருக்கும் சில பெயர்கள் எந்தச் சுத்தத்தைக் குறிக்குதுன்னு அறிஞர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். ஆனா கடைசிப் பெயரில் பெரிய குழப்பமில்லை: பொய் பேசுவது பற்றி ராகுலனுக்குப் புத்தர் சொன்ன அறிவுரை. இது பாலி மொழியில் மஜ்ஜிம நிகாயத்தில் 61ஆவது சுத்தமாக இருக்கு.

ராகுலன் யாருன்னு தெரியும்தானே, புத்தரோட சொந்த மகன். அப்போ சின்னப் பையன், ஏழு வயசு என்கிறது உரை. புத்தர் அவன் இருக்கிற இடத்துக்கு வந்து காலைக் கழுவிக்கிறார். பாத்திரத்தில் கொஞ்சூண்டு தண்ணி மிச்சம். வேணும்னே பொய் சொல்லக் கூசாதவனோட துறவு இந்த அளவுதான் என்கிறார். அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்து, பிறகு நிமிர்த்தி, ஒவ்வொரு தடவையும் அதையே சொல்கிறார். அப்புறம் கேட்கிறார், கண்ணாடி எதுக்குப்பா? பார்க்கறதுக்கு. அதே மாதிரி நீ செய்யறதையும் பேசறதையும் நினைக்கறதையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கோ. செய்யறதுக்கு முன்னாடி பாரு, செய்யும்போது பாரு, செஞ்சு முடிச்சப்புறமும் பாரு. இது என்னை நோகடிக்குமா, அடுத்தவனை நோகடிக்குமா? ஆமான்னா செய்யாதே, பாதியில் இருந்தா நிறுத்து. முடிஞ்சு போச்சுன்னா குருகிட்டயோ கூட இருக்கிறவங்ககிட்டயோ மறைக்காம சொல்லிடு. அது மனசுக்குள்ளேயே நடந்ததுன்னா அதுக்கு வெட்கப்பட்டு, இனிமே அடக்கிக்கோ. அவ்வளவுதான் பாடம்.

எண்வழிப் பாதையில் ரெண்டாவது படி "சம்மா சங்கப்ப". தமிழில் நல்லெண்ணம்னு எழுதறாங்க. அப்படிச் சொன்னா "எல்லாரும் நல்லா இருக்கணும்"னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு தோற்றம் வருது. மூலச்சொல் நமக்குத் தெரிஞ்சதுதான், சங்கல்பம். கோயிலில் அர்ச்சனைக்கு முன்னாடி பேர், நட்சத்திரம் சொல்லி சங்கல்பம் பண்றோமே, அதே வார்த்தை. காரியத்துக்கு முந்தின தீர்மானம். பௌத்தத்தில் இதுக்கு மூணு அம்சம்: ஆசையை விடறது, பகை இல்லாமை, துன்புறுத்தாமை. நம்ம சங்கல்பம் ஒரு தடவை சொன்னா முடிஞ்சுது. ராகுலனுக்குச் சொன்னது நாள் முழுக்க நடக்கிற சங்கல்பம்.

சரி, சிபாரிசு பண்ணின ராஜா இதைக் கடைப்பிடிச்சாரா?

பட்டத்துக்கு வந்து 8 வருஷம் கழிச்சு (கி.மு. 261 வாக்கில்) கலிங்கத்தை ஜெயிச்சார். அந்தப் போரில் 1 லட்சம் பேர் செத்தாங்க, 1½ லட்சம் பேரை ஊரை விட்டுக் கொண்டுபோனாங்க, இன்னும் பல மடங்கு பேர் மாண்டாங்க என்று 13ஆம் பாறைக் கல்வெட்டில் அவரே எழுதி வருத்தப்படறார். (நம்ம சோழர், பாண்டியர் பேரும் இந்தக் கல்வெட்டில் வருது.) இப்படித் தன் வெற்றியைத் தன் குற்றமா எழுதின ராஜாவை வேற எங்கே தேடறது?

ஆனா அதே கல்வெட்டைக் கடைசி வரைக்கும் படிக்கணும். காட்டு மக்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கு: ராஜா வருத்தப்பட்டாலும் தண்டிக்கிற சக்தி அவர்கிட்ட இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்! பிடிச்சுக் கொண்டுபோனவங்களைத் திருப்பி அனுப்பினதாக அதில் ஒரு வார்த்தை கிடையாது. கலிங்கத்து ஊர்களான தௌலியிலும் ஜௌகடாவிலும் இந்த 13ஆம் கல்வெட்டே இல்லை. அடிபட்டவங்க முகத்துக்கு நேரா அந்த வருத்தத்தைச் சொல்லலை.

அதுக்குப் பதிலா அங்கே வெச்ச தனிக் கல்வெட்டு அதிகாரிகளுக்கானது. காரணமில்லாம யாரையும் சிறையில் போடாதே, வதைக்காதே என்கிறார். ஏன் அப்படி நடக்குதுன்னும் சொல்றார்: பொறாமை, சட்டுனு வர்ற கோபம், அவசரம், சோம்பல், களைப்பு. களைப்பைச் சேர்த்தார் பாருங்க, அங்கேதான் மனுஷன் நிற்கிறார்! களைச்சுப்போன அதிகாரி கையால் ஒரு அப்பாவி உள்ளே போவான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

பட்டத்துக்கு வந்து 26 வருஷம் கழிச்சு வெட்டின 3ஆம் தூண் கல்வெட்டில், மனுஷன் தான் செஞ்ச நல்லதை மட்டும்தான் பார்க்கிறான், கெட்டது கண்ணுக்குத் தெரியறதில்லை, அதைப் பார்க்கிறது கஷ்டம்தான் என்கிறார். ராகுலனோட கண்ணாடி இல்லையா இது? ஆனா அதே வருஷத்து 4ஆம் தூண் கல்வெட்டில் மரண தண்டனை அப்படியே இருக்கு. கைதிக்கு மூணு நாள் அவகாசம் மட்டும் கிடைக்குது.

அடுத்த வருஷம் 7ஆம் தூண் கல்வெட்டில் கணக்குப் பார்க்கிறார். (தோப்ராவில் இருந்த அந்தத் தூணை ஃபிரோஸ் ஷா துக்ளக் 14ஆம் நூற்றாண்டில் டெல்லிக்குக் கொண்டுவந்தார். ஃபிரோஸ் ஷா கோட்லாவில் பார்க்கலாம்.) மக்களைத் திருத்த ரெண்டு வழி, ஒண்ணு சட்டம், இன்னொண்ணு மனசுக்குள் யோசிக்க வைக்கிறது. சட்டத்தால் ஆனது கொஞ்சம், ரெண்டாவதால்தான் அதிகம் என்று முடிக்கிறார். அத்தனை சட்டம் போட்ட ராஜாவோட வாயால் வந்த தீர்ப்பு இது.

அசோகரை மகான் என்கிறவங்களும் இருக்காங்க, வேஷதாரி என்கிறவங்களும் இருக்காங்க. எனக்கு ரெண்டும் சரியாப் படலை. ஒரே நாளில் மாறிட்டார் என்பது பாடபுத்தகக் கதை. கல்வெட்டில் தெரியற ஆள் இருபது வருஷமா கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கார். சில கறை தெரிஞ்சிருக்கு, சிலது தெரியவே இல்லை. அவர் கையில் சாம்ராஜ்யம் இருந்ததால் தெரியாமப் போனதுக்கு விலை கொடுத்தது மத்தவங்க. நம்ம கையில் இருக்கிறது வீடும் ஆபீசும்தான். ஆனா களைச்சுப்போன நேரத்தில் நாம சொல்ற வார்த்தைக்கும் விலை கொடுக்கிறது எதிரில் நிற்கிறவங்கதான்.