பதினோராம் மாதமும் பணிநிறைவுத் தொகையும்



அயல்நாட்டுக்குச் சென்று மொழி கற்பிக்கும் ஆசிரியர், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் நாளில் கையில் என்ன கொண்டு போகிறார்? தென்கொரியாவின் வரலாற்றில் இதற்குத் தெளிவான விடை உண்டு. ஆனால், அவ்விடை எளிதில் கிடைத்துவிடவில்லை.

அந்நாட்டின் தொழிலாளர் தரச் சட்டம் 1953இல், கொரியப் போர் ஓயுமுன்பே இயற்றப்பட்டது. 1961ஆம் ஆண்டுத் திருத்தம், 30 பேருக்குக் குறையாத பணியிடங்களில் பணிநிறைவுத் தொகையைக் கட்டாயமாக்கியது. மலாயாவில் 1951லேயே ஊழியர் சேமநிதி வந்துவிட்டது. கொரியாவிலோ தேசிய ஓய்வூதியம் 1988இல்தான் வந்தது. வேலையிழப்புக் காப்புறுதி 1995இல் வந்தது. அதுவரை தொழிலாளிக்கு இருந்த பெரும் ஆதரவு இத்தொகைதான்.

கணக்கு எளிது. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் சராசரி ஊதியம். அச்சராசரி கடைசி மூன்று மாத ஊதியத்திலிருந்து கணக்கிடப்படும். பணி விலகிய 14 நாள்களுக்குள் தர வேண்டும். பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு மட்டுமன்று, தாமாக விலகியவருக்கும் ஒப்பந்தம் முடிந்தவருக்கும் உண்டு. இங்குதான் நம் நாட்டு நிலை வேறுபடுகிறது. மலேசியாவின் 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆண்டுக்கு 10, 15, 20 நாள் என்று ஈட்டுத்தொகை உண்டு. ஆனால் அது ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்கே உரியது. கொரிய நீதிமன்றங்களோ இத்தொகையைக் கொடையாகக் கருதாமல், பின்னால் கொடுக்கப்படும் ஊதியமாகவே கருதின. ஆசிரியர் உழைத்துச் சம்பாதித்து, முதலாளியிடம் விட்டுவைத்த பணம் அது.

அரசுப் பள்ளிகளுக்கு அயல்நாட்டு ஆங்கில ஆசிரியர்களை அழைத்துவரும் 'எப்பிக்' திட்டம் 1995இல் தொடங்கியது. 1997இல் தொடக்கப்பள்ளி மூன்றாம் ஆண்டிலிருந்தே ஆங்கிலம் பாடமாயிற்று. 'ஹாக்வொன்' எனப்படும் தனியார் டியூசன் மையங்களும் அமெரிக்கா, கனடா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளிலிருந்து ஆசிரியர்களை ஓராண்டு ஒப்பந்தத்தில் வரவழைத்தன.

சிக்கல் அந்த 'ஓராண்டு' என்னும் சொல்லில் இருந்தது. ஓராண்டு நிறையாதவருக்குப் பணிநிறைவுத் தொகை இல்லை. ஆகவே பதினோராம் மாதத்தில் ஏதேனும் காரணம் காட்டி ஆசிரியரை விலக்கிவிட்டால் ஒரு மாத ஊதியம் மிச்சம்! விசாவும் அந்த மையத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததால் எதிர்த்து நிற்பது கடினம். ஓர் ஆசிரியனாக இதைப் படிக்கையில் எனக்கு நெஞ்சு கசந்தது. வகுப்பில் குறை கண்டு நீக்குவது வேறு. நாள்காட்டியைப் பார்த்து நீக்குவது வேறு.

இன்னொரு வழியும் இருந்தது. 'இவர் எங்கள் ஊழியரல்லர், தனித்தொழில் செய்பவர்' என்று எழுதி, 3.3 விழுக்காடு தொழில் வரி பிடித்துவிடுவார்கள். இதற்கு 2006 டிசம்பரில் கொரிய உச்சநீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. வழக்குத் தொடுத்தவர்கள் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்றுவித்தவர்கள். ஒப்பந்தத்தின் பெயர் எதுவாயினும், உண்மையில் யாருக்குக் கீழ்ப்பட்டு வேலை நடந்தது என்பதையே பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். வரியை எப்பெயரில் பிடிப்பது என்பது வலிமை மிக்க முதலாளி தம் விருப்பப்படி முடிவு செய்யக்கூடியது அல்லவா? மேலும், ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் நவம்பர் வரை என்று ஒப்பந்தம் எழுதி, இடைப்பட்ட மாதங்களை விட்டுவிட்டாலும் பணித்தொடர்ச்சி அறுபடாது என்றும் தீர்ப்பளித்தது. 2015இல் அயல்நாட்டு ஆசிரியர்கள் தொடுத்த வழக்கிலும் அவர்கள் ஊழியர்களே என்று உறுதியாயிற்று.

மாத ஊதியத்திலேயே இத்தொகை அடங்கியுள்ளது என்று எழுதி வாங்கும் பழக்கமும் இருந்தது. அது செல்லாது என 2010 மே மாதம் முழு அமர்வு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பர் முதல், ஐவருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்களுக்கும் சட்டம் விரிந்தது. 2012 இறுதிவரை பாதித் தொகை. 2013 முதல் முழுத்தொகை. அதற்கு முன், சிறு மையங்களில் பணியாற்றியவர்கள் வெறுங்கையோடுதான் விமானம் ஏறினர்.

தொகையைக் கோரும் உரிமை மூன்றாண்டுகள் நிற்கும். தொழிலாளர் அலுவலகத்தில் முறையிடக் கட்டணமும் இல்லை. நாடு திரும்பிவிட்ட ஆசிரியரும் அங்கிருந்தபடியே கேட்கலாம்.