லட்சம் வரிக்கு ஒரு ‘முடியாது’

2016 டிசம்பரில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் லினக்ஸ் குழுவுக்கு வந்த பதிலில் பூசி மெழுகல் எதுவும் இல்லை. இந்த நிரல் இந்த வடிவத்தில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வராது என்பதுதான் சாரம். எழுதியவர் டேவ் ஏர்லி. ரெட் ஹாட் நிறுவனத்தில் வேலை. லினக்ஸ் கெர்னலின் கிராபிக்ஸ் பகுதிக்குப் பொறுப்பாளர். அவர் தலையசைத்தால்தான் எந்த கிராபிக்ஸ் டிரைவரும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸிடம் போய்ச் சேரும். சுமார் 1 லட்சம் வரி நிரலை ஏற்பதா, லினஸ் தன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையைக் காப்பதா என்று கேட்டால் தன் விடை எது என்பதை ஊகித்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்.

இத்தனைக்கும் அந்த நிரல் வேலை செய்தது. அதுதான் ஏ.எம்.டி. தரப்பின் ஆதங்கமும்.

அந்த நிரலின் வேலை மானிட்டரில் படம் வர வைப்பது. வெளியிலிருந்து பார்க்க இது சின்ன வேலையாகத் தெரியும். நினைவகத்தில் கிடக்கும் புள்ளிகளை எடுத்து, அடுக்கி, எந்த அளவில், நொடிக்கு எத்தனை முறை என்று முடிவு செய்து, எச்.டி.எம்.ஐ. அல்லது டிஸ்ப்ளேபோர்ட் வழியே அனுப்ப வேண்டும். நேரக்கணக்கு சற்றுப் பிசகினாலும் திரை கறுத்துவிடும். பல ஆண்டுகள் இந்த வேலை லினக்ஸில் கெர்னலுக்கு வெளியேதான் நடந்தது. எக்ஸ் சர்வர் என்ற நிரல் ரூட் அதிகாரத்துடன் ஓடி, கிராபிக்ஸ் கார்டின் ரெஜிஸ்டர்களைத் தானே தொட்டு எழுதும். கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்1 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனால் மானிட்டர் ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும். எக்ஸ் கவிழ்ந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கும். பின்னால் கெர்னல் உயிரோடுதான் இருக்கும், ஆனால் அதைக் காட்ட வழி இருக்காது.

2009 மார்ச்சில் வந்த 2.6.29 பதிப்பு இதை மாற்றியது. திரையை அமைக்கும் பொறுப்பு கெர்னலுக்குள் வந்தது. முதலில் இன்டெல் சிப்புகளுக்கு, அதே ஆண்டில் 2.6.31இல் ரேடியான் கார்டுகளுக்கு, அடுத்த ஆண்டு 2.6.33இல் என்விடியா கார்டுகளுக்காகத் தன்னார்வலர்கள் தோண்டித் துருவி எழுதிய நூவோ டிரைவருக்கு. கூடவே ஆபத்தும் உள்ளே வந்தது. எக்ஸில் ஒரு பிழை என்றால் எக்ஸ் மட்டும் விழும். கெர்னலில் பிழை என்றால் மொத்த இயந்திரமும் விழும். அதனால்தான் இந்தப் பகுதியில் ரிவ்யூ செய்பவர்கள் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள்.

ஏ.எம்.டி. இங்கே வேண்டாத விருந்தாளி அல்ல. 2006இல் கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான ஏ.டி.ஐ.யை 540 கோடி டாலருக்கு வாங்கிய கையோடு, 2007 செப்டம்பரில் தன் கார்டுகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடுவதாக அறிவித்த நிறுவனம் அது. 2015இல் ஏ.எம்.டி.ஜி.பி.யு. என்ற புது டிரைவரும் கெர்னலின் 4.2 பதிப்பில் ஏறியது. மிச்சமிருந்தது திரைப் பகுதி. 2016 பிப்ரவரியில் ஏ.எம்.டி.யின் ஹாரி வென்ட்லண்ட் அதற்கான பேட்ச்களை அனுப்பினார். முதலில் டால், பிறகு டி.சி. என்று அந்த நிரலுக்குப் பெயர்.

நிறுவனத்தின் கணக்கு எளிது. புதிய சிப் தயாராகும்போதே அதன் திரைப் பகுதியைச் சோதிக்க நிரல் வேண்டும். அதையே விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டால் இரண்டு முறை எழுத வேண்டாம், இரண்டு முறை சோதிக்கவும் வேண்டாம். லினக்ஸுக்கென்று மேலே மெல்லிய ஓர் உறை போர்த்தினால் போதும். வியாபாரம் தெரிந்த யாரும் இதைத்தான் செய்வார்கள்.

ரிவ்யூ செய்தவர்களின் கணக்கு வேறு. லினக்ஸ் கிராபிக்ஸில் பொது இடைமுகம் ஓயாமல் மாறும். மாற்றுகிறவர் இன்டெல், நூவோ, ஆர்ம் சிப்புகளின் டிரைவர்கள் என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். நடுவே ஒரு டிரைவர் மட்டும் தனக்கென்று ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கை வைத்திருந்தால் அங்கே வேலை நின்றுபோகும். அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் சுவருக்குள் தன் இஷ்டத்துக்குக் குழாய் பதித்துக்கொண்ட கதை. எங்கே கசிகிறது என்று பார்க்கக்கூட அவர் ஊரில் இருந்தாக வேண்டும். நெட்புக் காலத்தில் இன்டெல் ஜி.எம்.ஏ. 500 சிப் இருந்த கணினிகளை வாங்கியவர்கள் இதை வேறொரு விதத்தில் அனுபவித்தார்கள். அதற்குள் இருந்த பவர்வி.ஆர். கிராபிக்ஸுக்கான மூடிய டிரைவர் பழைய பதிப்புகளோடு ஒட்டிக்கொண்டது. லினக்ஸ் முன்னேறியபோது அது பின்தங்கிவிட்டது.

ஏ.எம்.டி.யின் அலெக்ஸ் டியூச்சர் பதிலுக்குப் பொரிந்து தள்ளினார். ஆள்பலம் குறைவு, எத்தனை உழைத்தாலும் போதாது என்கிறார்கள் என்பது அவர் குறை. அதிலும் நியாயம் இருந்தது. வென்றது யார் என்று அப்போது கேட்டிருந்தால் யாருமில்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். 2017 ஆகஸ்டில் ஏ.எம்.டி.யின் வேகா கார்டுகள் விற்பனைக்கு வந்தபோது விசித்திரமான நிலைமை. கெர்னலின் அதிகாரபூர்வப் பதிப்பில் அந்தக் கார்டு கணக்குப் போடும். மானிட்டரைச் செருகினால் படம் வராது. படம் வர வைக்கும் நிரல் டி.சி.க்குள் இருந்தது, டி.சி. வாசலில் நின்றது. காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாக பேட்ச் போட்டுக்கொண்டார்கள்.

ஏர்லியின் மறுப்புக்குப் பிந்தைய ஓராண்டில் நடந்த வேலைதான் இந்த வரலாற்றின் சுவாரசியமான பகுதி. நினைவகம் கேட்க கெர்னலில் கேசலாக் என்று ஏற்கெனவே ஒரு கட்டளை உண்டு. டி.சி. அதற்கு டி.எம்.அலாக் என்று சொந்தப் பெயர் சூட்டி வைத்திருந்தது. விண்டோஸில் அதே பெயர் வேறொன்றைச் செய்யும். அது போயிற்று. கேசலாக் தரும் நினைவகம் சுழியத்தால் துடைக்கப்பட்டே வரும். ஆனாலும் நிரலில் அடுத்த வரியிலேயே மெம்செட் போட்டு இன்னொரு முறை துடைத்திருந்தார்கள். இத்தகைய இடங்களைத் தேடி நீக்கும் பேட்ச்களை எழுதியவர்களில் டேவ் ஏர்லியும் ஒருவர். முடியாது என்று சொன்னவரே விளக்குமாற்றோடு உள்ளே இறங்கியது ரிவ்யூ வரலாற்றில் அடிக்கடி நடப்பதல்ல. கெர்னலில் இருக்கும் கணித உதவிகளையே டி.சி. மறுபடி எழுதி வைத்திருந்த இடங்களும், எவரும் அழைக்காத செத்த நிரலும் கழிந்தன.

பெரிய மாற்றம் அடாமிக் முறைக்கு மாறியது. திரை அமைப்பில் பல மாற்றங்களை ஒரே தொகுப்பாகக் கேட்டு, எல்லாம் முடியுமென்றால் செய், ஒன்று முடியாவிட்டாலும் எதையும் தொடாதே என்பது அந்த முறை. அதற்குள் கெர்னலின் மற்ற முக்கிய டிரைவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்திருந்தன. டி.சி.யும் தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தை விட்டு, பொதுவான நிலைக்குறிப்புகளை நம்பத் தொடங்கியது. எல்லாமே தீர்ந்துவிடவில்லை. பேண்ட்விட்த் கணக்குகளுக்கு டி.சி. மிதவைப்புள்ளி எண்களைப் பயன்படுத்தியது. கெர்னலுக்குள் அது பொதுவாக விலக்கப்பட்ட காரியம், தனி அனுமதி போல முன்னும் பின்னும் காப்புக் கட்டளை போட்டுத்தான் செய்ய வேண்டும். அதை அப்படியே சகித்துக்கொண்டார்கள். இனி செய்ய வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று நிரலின் கோப்புறைக்குள்ளேயே வைக்கப்பட்டது. கடன் பத்திரத்தை வாசலில் ஒட்டியது மாதிரி நேர்மை அது.

2018 ஜனவரி 28 அன்று வெளியான 4.15 பதிப்பில் டி.சி. இடம்பெற்றது. உள்ளே வந்த வரிகள் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். அளவு பெரிது என்று திருப்பி அனுப்பியதாக இந்த விவகாரத்தைச் சுருக்கிச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஏற்கப்பட்டபோது நிரல் இளைத்திருக்கவில்லை. வெளியார் ஒருவர் கை வைத்துத் திருத்தக்கூடிய நிலைக்கு வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வேகா வாங்கியவர்களின் ஐந்து மாதக் காத்திருப்பு அதற்கு அதிக விலையா என்றால், அவர்களைப் பொறுத்தவரை ஆமாம். பராமரிப்பைப் பொறுத்தவரை ஏர்லி செய்தது சரி. இன்று ஏ.எம்.டி.ஜி.பி.யு. டிரைவர் 50 லட்சம் வரிகளைத் தாண்டி நிற்கிறது. பெரும்பகுதி இயந்திரம் தானாக எழுதிய ரெஜிஸ்டர் பட்டியல்தான் என்றாலும், அதைச் சுமந்துகொண்டே பொது இடைமுகங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன.

2023இல் எச்.டி.ஆர். நிறங்களைக் கையாள எல்லா நிறுவனங்களின் சிப்புகளுக்கும் பொருந்தும் ஓர் இடைமுகம் தேவை என்ற பேச்சு வலுத்தபோது, அதற்கான பேட்ச்களை அனுப்பத் தொடங்கியவர் ஹாரி வென்ட்லண்ட். ஏ.எம்.டி. கார்டுகளில் தொடங்காமல், எந்தச் சிப்பும் தேவைப்படாத வி.கே.எம்.எஸ். என்ற மெய்நிகர் டிரைவரில்தான் முதலில் அதைச் செய்து காட்டினார்.