கியோட்டோவைப் பார்த்த கண்

1945 மே மாதம் அமெரிக்க இலக்குக் குழு பரிந்துரைத்த நகரங்களில் கியோட்டோ இருந்தது, ஹிரோஷிமா இருந்தது, நாகசாகி இல்லை. ஜூலை 25 தேதியிட்ட ஆணையில் கியோட்டோ இல்லை, நாகசாகி இருக்கிறது. இடையில் என்ன நடந்தது?

போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் 1920களில் கியோட்டோவுக்குப் போய்வந்தவர். தளபதி க்ரோவ்ஸ் அந்த நகரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டும் அவர் மசியவில்லை. ட்ரூமனிடமே பேசி நீக்கவைத்தார். அதை அழித்தால் ஜப்பானியர் ரஷ்யா பக்கம் சாய்வார்கள் என்று அரசியல் காரணமும் சொன்னார். ஆனாலும், ஒருமுறை நடந்து திரிந்த ஊர் வரைபடத்தில் வெறும் புள்ளியாக இருக்க முடியாதுதானே.

தலைவர்கள் நேரில் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல சான்று. ஆனால் கணக்கு இத்தோடு முடியவில்லை. கியோட்டோ பிழைத்தது அதன் கோயில்களுக்காக, பண்பாட்டுப் பெருமைக்காக. பார்க்கப்படாத நாகசாகி அந்தப் பட்டியலில் ஏறியது. அவ்வாண்டு முடிவதற்குள் அங்கே சுமார் 70,000 பேர் செத்தார்கள். பெருமை உள்ள ஊருக்கு ஒரு நீதி, சனங்கள் மட்டுமே உள்ள ஊருக்கு இன்னொரு நீதியா?

ஆகஸ்ட் 8 அன்று ஹிரோஷிமாவின் சேதத்தைக் காட்டும் படங்களை ஸ்டிம்சன் ட்ரூமனிடம் காட்டினார். வானத்திலிருந்து எடுத்த படத்தில் சாம்பல் தெரியும். தோல் உரிந்த உடல் தெரியாது. மறுநாள் நாகசாகி. 10ஆம் தேதிதான், தன் அனுமதியின்றி அடுத்த குண்டு கூடாது என்றார் ட்ரூமன். இன்னொரு லட்சம் பேரை, அத்தனை குழந்தைகளைக் கொல்வது கொடூரம் என்று அவர் அமைச்சரவையில் சொன்னதாக வாலஸின் நாட்குறிப்பு பதிகிறது. செத்தவர்கள் அவர் மனதில் மனிதர்களாக வந்தபோது இரண்டு நகரங்கள் போயிருந்தன.

அதற்குப் பின்னும் பார்வைக்குத் தடைதான். குண்டு விழுந்த அன்றே ஹிரோஷிமாவுக்குள் மட்சுஷிகே எடுத்த ஐந்தே படங்கள், ஆக்கிரமிப்பு முடிந்த பிறகு, 1952இல்தான் பரவலாக ஜப்பானியர் கண்ணில் பட்டன.

2023 மே 19 அன்று ஜி-7 தலைவர்கள் ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய 40 நிமிடம் இருந்தார்கள். உள்ளே பத்திரிகையாளருக்கு இடமில்லை. அவர்கள் முகம் எப்படி மாறியது என்று யாருக்கும் தெரியாது. அன்றே வெளியிட்ட அறிக்கையில், அணு ஆயுதம் இருக்கும்வரை அது தாக்குதலைத் தடுக்க உதவ வேண்டும் என்றார்கள். பார்த்தாயிற்று, அவ்வளவுதான்.

ஆகவே, 'போய்ப் பாருங்கள்' என்று மட்டும் சொல்லி நாம் நிறுத்திக்கொள்ள முடியாது. பார்க்கிறவரைப் பார்க்கவும் ஆள் வேண்டும். கதவு திறந்திருக்கட்டும். உயிர்தப்பியவர்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். பதில் சொல்லாமல் எழுந்து போக முடியாத பார்வைதான் சாட்சியம், மற்றதெல்லாம் சுற்றுலா.