மிதக்குந்துறையின் முதுகு முறிந்த நாள்

திருகோணமலைக் கரையோரத்தில் படகொன்றைப் பழுதுபார்க்க முற்படும் மீனவரின் முதல் வேலை, நல்ல கட்டைகளைத் தேடுவதே. படகைக் கரையேற்றியதும் அணியத்தின் கீழும் நடுவிலும் பின்புறத்திலும் இடமறிந்து அவற்றை வைப்பார். நீரில் மிதக்கும்போது படகின் அடிப்புறம் முழுவதையும் கடல் தாங்குகிறது. கரையேறிய பின்னரோ, கட்டை வைத்த இடங்கள் மட்டுமே தாங்குகின்றன. வைக்கும் இடம் தவறினால், ஓட்டையை அடைக்க வந்த படகில் புதிய வெடிப்பொன்று தோன்றிவிடும்.

சிறு படகுக்குரிய இந்த விதி பெருங்கப்பலுக்கும் உரியது. அதை உலகம் அறியுமாறு உணர்த்திய நிகழ்ச்சி 1944ஆம் ஆண்டு திருகோணமலைத் துறைமுகத்திலேயே நடந்தது.

அதன் நாயகம் பிரித்தானியாவின் ‘வலியண்ட்’ என்னும் யுத்தக்கப்பல். ஏறக்குறைய 640 அடி நீளமும், முப்பதினாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட நிறையும் உடையது. 15 அங்குல வாயகலமுள்ள எட்டுப் பீரங்கிகளைத் தாங்கியது. 1916இல் யட்லாந்துக் கடற்போரிலும், 1941இல் மட்டப்பான் முனைப் போரிலும் பங்குகொண்டு பெயர் பெற்றது.

1941 டிசெம்பர் 19ஆம் திகதி, அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் அக்கப்பலுக்குப் பெருங்காயம் நேர்ந்தது. இத்தாலியக் கடற்படையின் சுழியோடிகள் இரவில் நீருக்கடியிற் புகுந்து அதன் கீழே வெடிகுண்டை வைத்தனர். அவர்களின் தலைவர் லூயிஜி டுராண்ட் டெ லா பென்னே பிடிபட்டுக் கப்பலுக்குள்ளேயே அடைத்துவைக்கப்பட்டார். வெடிக்கும் நேரம் நெருங்கியபோது, கப்பல் விரைவில் தகர்ந்துவிடும் என்பதைத் தளபதி சார்ள்ஸ் மோர்கனுக்கு அறிவித்தார். குண்டிருந்த இடத்தை மட்டும் சொல்லவில்லை. வெடியினால் அடித்தகடு பிளந்தது. நீர் புகுந்து கப்பல் தாழ்ந்தது. போரின் பிற்பகுதியில் இத்தாலி நேசநாடுகளின் பக்கம் சேர்ந்தபின், 1945இல் அந்த வீரருக்கு அவரது நாட்டின் பொற்பதக்கத்தை அணிவித்தவர் அதே மோர்கன் என்பது வரலாற்றின் ஓர் அரிய காட்சியாகும்.

அலெக்சாந்திரியாவில் அவசரப் பணி முடித்து, தென்னாபிரிக்காவின் டேர்பனில் அடிப்புறத்தைச் செப்பனிட்டு, 1942 யூலையில் வலியண்டை மீட்டெடுத்தனர். பகைவர் செய்த காயம் ஏறக்குறைய ஏழு மாதங்களில் ஆறியது. 1943 செப்டெம்பரில் சரணடைந்த இத்தாலியக் கப்பல்கள் மால்ற்றாவை நோக்கிச் சென்றபோது, உடன் சென்ற கப்பல்களுள் வலியண்டும் ஒன்று.

இதற்கிடையில், 1942 ஏப்ரில் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. பிரித்தானியரின் கீழைக் கடற்படை ஆபிரிக்கக் கரைக்கு ஒதுங்கியது. 1944இல் அது மீண்டும் இலங்கைக்கு வந்தபோது வலியண்டும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரிலிலும் யூலையிலும் சுமாத்திராவை அடுத்த சபாங் மீது நடந்த தாக்குதல்களில் அது பங்குகொண்டது.

வெப்பக் கடலில் உழலும் கப்பலின் அடியில் கொட்டலசும் பாசியும் படிந்து வேகத்தைக் குறைக்கும். அவற்றைச் சுரண்டவும் தகடுகளைச் சோதிக்கவும் கப்பலை நீருக்கு மேலே தூக்க வேண்டும். அதற்கென்றே பம்பாயிற் கட்டப்பட்ட மிதக்குந்துறை ஒன்று திருகோணமலையில் இருந்தது. அதன் தாங்குவலு 50,000 தொன். இருபுறமும் சுவர்களும், அடியில் உள்ளீடற்ற இரும்புத் தொட்டிகளும் கொண்ட பெருந்தட்டு என அதைக் கருதலாம். தொட்டிகளில் நீர் நிரப்பினால் துறை தாழும். கப்பல் உள்ளே நுழையும். நீரை வெளியேற்றினால் துறை கப்பலைச் சுமந்துகொண்டு எழும்.

ஆனால் கப்பலின் நிறை எங்கும் சமமாக இருப்பதில்லை. வலியண்டின் பீரங்கி ஒன்றே ஏறக்குறைய 100 தொன். முன்புறத்தில் நான்கும் பின்புறத்தில் நான்குமாக அவை அமைந்திருந்தன. அவற்றின் கீழே குண்டுகளும் வெடிமருந்தும் இருந்தன. ஆகவே, எந்த இடத்தில் எவ்வளவு சுமை என்று கணித்து, அதற்கேற்ப அவ்வவ்விடத்துத் தொட்டிகளின் நீரைக் குறைக்க வேண்டும்.

1944 ஓகத்து 8ஆம் திகதி அந்தக் கணக்கு பிழைத்தது. தொட்டிகளின் நீரை வெளியேற்றிய முறை தவறியதால், சுமைக்கும் தாங்கலுக்கும் இடையே இசைவு கெட்டது. மிதக்குந்துறையின் முதுகு முறிந்தது. துறை நீரில் அமிழ்ந்தது. மயிற்பீலியேயாயினும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். இங்கே சுமை அளவை மிஞ்சவில்லை. தாங்கிய முறையே தவறியது.

வலியண்ட் கவிழாது நிமிர்ந்தே நின்றது. எனினும் உந்துவிசிறிகள் நான்கில் உட்புறத்து இரண்டும் சிக்குண்டன; சுக்கானும் பழுதுற்றது. மணிக்கு எட்டுக் கடல்மைலுக்கு மேல் ஓட இயலாத நிலையில், அலெக்சாந்திரியாவின் செப்பனிடுதுறையை நாடி அது புறப்பட்டது. சுயெசு வாயிலிலே தரைதட்டியது. உட்புறத்து விசிறித் தண்டுகளை வெட்டிக் கடலில் வீழ்த்திவிட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இங்கிலாந்து சேர்ந்தது. செப்பனிடுவது செலவுக்குத் தகாதெனக் கண்டு, கப்பலைப் போர்ப்பணியிலிருந்து விலக்கினர். 1948இல் அது உடைப்பதற்கு விற்கப்பட்டது. பகைவரின் குண்டுக்குப் பிழைத்த கப்பல், நண்பர் தூக்கியபோது பிழைக்கவில்லை.

1957இல் திருகோணமலைக் கடற்படைத்தளம் இலங்கையின் பொறுப்புக்கு வந்தது. காலம் மாறப் படகின் பொருளும் மாறியது. மரத்தோடு கண்ணாடியிழையும் அலுமினியமும் வந்துள்ளன. விதியோ மாறவில்லை. அலுமினியப் படகின் தகட்டில் வெடிப்பைக் கண்ட கைவினைஞர், அதன் நுனியிற் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்துவார். உட்புறத்தில் மாற்றுத்தகடு பொருத்தி, அதன் சுமையை அருகிலுள்ள விலாச் சட்டங்களோடு பகிர்வார். செம்பும் இரும்பும் உப்புநீரில் அலுமினியத்தைத் தொட்டால் அதை அரித்துவிடுமாதலால், அவற்றை விலக்கியே வைப்பார்.

ஒட்டுப் போடுவது எளிது. அந்த ஒட்டின் சுமை எங்கே போய்ச் சேரும் என்று அறிவதுதான் தொழில். அதை அறிந்த கரையோரக் கைவினைஞர், சுத்தியலை எடுக்குமுன் கட்டைகளை மீண்டும் ஒருமுறை சரிபார்க்கிறார்.