கேள்வியை யார் கேட்பது? கொள்ளைநோயும் ஆய்வுப் பணமும்



திருக்கழுக்குன்றம் மலைமேல் நண்பகலில் சோறுண்ண வந்த இரண்டு பாறுகளைப் பற்றிப் பல தலைமுறைப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவை வராமல் போனதும் செய்தியாயிற்று. ஆனால் கொரோனாக் காலத்தில் மலையைச் சுற்றியுள்ள சேரிகளில் யாருக்கு வேலை போனது, நோயாளியை யார் பார்த்துக்கொண்டார், பிணத்தை யார் எடுத்தார் என்பதற்கு அரசின் கணக்கில் ஒரு பத்தி இல்லை. 2020 மார்ச்சில் மாமல்லபுரத்துச் சிற்பங்கள் மூடப்பட்டன. விடுதிகளில் அறை கூட்டிய பெண்களின் கூலி அத்தோடு நின்றது. இதையும் கொள்ளைநோயின் விளைவு என்று எண்ணாத ஆய்வு, அரைகுறை ஆய்வு.

ஆய்வுக்கு யார் பணம் தருகிறாரோ, பெரும்பாலும் அவரே கேள்வியையும் முடிவு செய்கிறார். நம் வட்டாரத்தின் வரலாற்றிலேயே இதைப் பார்க்கலாம்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், பறையர் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனை யாருடையது, உழுபவனுக்கு நிலம் உண்டா, கடனுக்கு ஆள் அடிமைப்படுகிறானா என்று அது கேட்டது. அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலம் பின்னர் எப்படிப் பறிபோனது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் வாழ்நிலையைக் கேட்ட கேள்விக்கு நிலம் பதிலாக வந்தது என்பதை மறக்கலாகாது.

அடுத்தது 1956. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. நெரிசலான வீட்டில் வாழும் ஏழை நோயாளி, சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாக முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்று 1959இல் பதில் வந்தது. வீட்டில் உள்ளவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை அந்த ஆய்வு மாற்றியது. ஏழையின் வீட்டு வாசலில் நின்று கேட்ட கேள்வி அது.

மூன்றாவது 1968. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. ஆய்வுப் பகுதியில் சுமார் 3,60,000 பேர். வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. எதிர்பாராத முடிவை ஒளிக்காமல் வெளியிட்டது நேர்மை. ஆனால் கேள்வி ஊசியைப் பற்றியது. ஒற்றையறைக் குடிசையும் அரை வயிற்றுக் கஞ்சியும் நோய்க்கு எவ்வளவு காரணம் என்பது அந்த ஆய்வின் வேலையாக இல்லை.

2020இல் கொரோனா வந்தபோது, அதே பி.சி.ஜி. முதியவர்களுக்கு உதவுமா என்று பார்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. மருந்துக்கும் ஊசிக்கும் ஆய்வு வேண்டும். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் தமிழக அரசின் அன்றாட அறிக்கையில் வயது இருந்தது, பால் இருந்தது, மாவட்டம் இருந்தது; சாதியும் தொழிலும் இல்லை. அதே ஆண்டில்தான் துப்புரவுப் பணியாளர் 'தூய்மைப் பணியாளர்' ஆனார். பெயர் மாறியது. அவர்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்று தனியே சொல்லும் பத்தி வரவில்லை.

எண்ணினால் சாதி வளரும் என்பார்கள். பிரிட்டனைப் பாருங்கள். கறுப்பினத்தாரும் ஆசிய வம்சாவளியினரும் கூடுதலாகச் சாவதை அங்கே அரசுப் புள்ளிவிவரமே காட்டியது. 2020 ஜூலையில், அதன் காரணத்தை அறிய ஆறு ஆய்வுகளுக்கு 43 இலட்சம் பவுண்டு ஒதுக்கினார்கள். அதில் ஏறத்தாழ பாதி, மருத்துவத் துறையில் வேலை செய்வோர் பற்றிய ஒரே ஆய்வுக்குப் போனது. மருத்துவர், செவிலியரோடு துப்புரவு செய்வோரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். இனத்தை எண்ணியதால் அங்கே நாடு உடைந்துவிடவில்லை.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் பல நூறு கோடி ரூபாயில் எழுப்பிய தடுப்பூசி வளாகம், இரண்டாம் அலையில் ஒரு ஊசிகூடத் தராமல் கிடந்தது. கட்டடத்துக்குப் பணம் கிடைக்கிறது. பிணவறையில் வேலை செய்தவரின் நுரையீரல் இன்று எப்படியிருக்கிறது என்று கேட்கவும் பணம் வேண்டும்.

ஆகவே நாம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு கொள்ளைநோய் ஆய்விலும், ஆளின் பெயரை வெளியிடாமல், சாதியும் தொழிலும் பதிவாக வேண்டும். கேள்வியை வகுக்கும் குழுவில் தூய்மைப் பணியாளரும் அங்கன்வாடி ஊழியரும் கிராம சுகாதாரச் செவிலியரும் உட்கார வேண்டும். முடிவு எதுவானாலும், இரத்தம் கொடுத்த ஊரின் கிராமசபையில் தமிழில் படிக்கப்பட வேண்டும்.

மாணவத் தோழர்களே, பணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள். 2020, 2021இல் யார் இறந்தார், என்ன வேலை செய்தார், கடைசியில் யார் பார்த்துக்கொண்டார் என்று வீட்டாரின் சம்மதத்தோடு எழுதி வையுங்கள். அடுத்த கொள்ளைநோய் வரும்போது, நம் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கேட்போம்.